வலை கிடக்கிற பக்கம்

நான் மதுராந்தகத்துக்காரன். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கரைக்கு ஓடிவிடுவேன். அப்படிப்பட்டவன் பிழைப்புக்காகக் கடலோரம் வந்து டீக்கடை போட்டேன். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருந்த ஒரு குப்பம் அது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஜல்லி லாரிக்காரர்கள் நின்று டீ குடிப்பார்கள், மீன்பிடிக்கிறவர்கள் கரையேறியதும் வந்து உட்காருவார்கள். யாராவது எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்றாலும் காதில் விழும்.

கங்காதரனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி பிரபாவதி சிரித்தாள். "அந்த ஆறு மாசத்துல அந்த மனுஷன் வாயத் திறந்ததே ஒரு தடவ. அதுல எழுத என்னா இருக்கு?" என்றாள். அந்த ஒரு தடவைக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆறு மாதத்துக்கு முன்னால் அவனைப் போல வாயாடி அந்தக் குப்பத்தில் கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம். மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டரிடம், "இன்னா சார், நாத்தமா கீதா? மத்தியானம் கொழம்புல போட்டா மட்டும் நாறலியா?" என்று கேட்டு, பஸ்ஸே சிரிக்க, கூடையை ஏற்றிவிட்டு இறங்கி வருவான். என் டீயைப் பற்றி அவன் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவனுக்கு ஒரே தங்கை, பொன்னி. அவளைக் கட்டியவன் மாயவன். மாமன் மச்சான் இருவரும் ஒரே மரத்தில் தொழிலுக்குப் போனார்கள். கட்டுமரத்தை அங்கே வெறும் மரம் என்றுதான் சொல்வார்கள். நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பட்டைச் சாயத்தில் தோய்த்த ஒரு பாயை ஏற்றிவிட்டால் மரம் தயார். எனக்கு அதைப் பார்த்தாலே பயம். கங்காதரன் அதில் நின்றுகொண்டே வெற்றிலை போடுவான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலை கிடக்கிற இடத்தின் மேல் இன்னொரு மரம் போகாது. பாய் ஏற்றி வருகிறவன் தூரத்திலேயே குரல் கொடுப்பான். வலை போட்டவன் எழுந்து நின்று, தலைத்துணியைத் துடுப்பில் கட்டி, வலை எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கம் நீட்டிக் காட்டுவான். வருகிறவன் அதை விட்டுச் சுற்றிப் போவான். காற்று எவ்வளவு தள்ளினாலும் சரி, பாயைத் தளர்த்திவிட்டுத் துடுப்புப் போட்டாவது சுற்றித்தான் போவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட இதை மீறியதில்லை. வலையை மிதித்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் வாய் அடைத்துப்போன அந்த நாள் கடலில் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கோ குப்பத்துக்கோ இது தெரியாது, வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் எங்களைப் போல உங்களையும் காக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மாசி மகம் முடிந்து பங்குனி பிறந்திருந்தது. விடியற்காலையில் கரைக்காற்று மரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போகும். மதியம் கடல்காற்று திரும்பக் கொண்டுவந்து விடும். இரண்டுக்கும் நடுவில் காற்றே இல்லாத ஒரு நேரம் இருக்கிறது. அப்போது பாய் வெறும் துணிதான். மாயவனும் கங்காதரனும் பாயை இறக்கிவிட்டு, வலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். புது நைலான் வலை. பொன்னி மழைக்காலம் முழுக்கத் தன் கையால் பின்னியது. கடலின் மேல் மூட்டம் போட்டிருந்தது. தெற்கேயிருந்து ஒரு கப்பல், மதராஸ் துறைமுகத்துக்குப் போகிற கப்பல், வந்துகொண்டிருந்தது. கப்பல்கள் அந்தப் பக்கம் போவது புதிதல்ல. இது கொஞ்சம் கரையை ஒட்டி வந்தது.

மாயவன்தான் முதலில் சொன்னான். "மச்சான், அது நேரா வர்ற மாதிரி கீது. வலைய அறுத்து வுட்டுட்டு ஒதுங்கிக்கலாமா?"

"சும்மா கெட மச்சான். வலை கெடக்குதுல்ல? சுத்திகினு போவான்" என்றான் கங்காதரன்.

மாயவன் எழுந்து நின்று, தலைத்துணியைத் துடுப்பில் கட்டி, வலை கிடக்கிற பக்கம் நீட்டிக் காட்டினான். கப்பல் நீளமாக ஒரு சங்கு ஊதியது. கங்காதரன் சிரித்தான். "பாத்தியா, கொரலு குடுத்துட்டான்" என்றான்.

கப்பல் சுற்றிப் போகவில்லை. அது யாருக்கும் குரல் கொடுக்கவும் இல்லை, மூட்டத்துக்காக ஊதியது. அதன் மூக்கு தள்ளி வந்த தண்ணீர் மரத்தைத் தூக்கிப் போட்டது. கயிறுகள் அறுந்து கட்டைகள் தனித்தனியாகப் போயின. கங்காதரன் கைக்கு ஒரு கட்டை கிடைத்தது. மாயவன் வலை கிடந்த பக்கம் விழுந்தான். வலை அவன் காலில் சுற்றிக்கொண்டது. துடுப்பைப் பிடித்த கை மேலே தெரிந்தது, பிறகு கையும் வலையும் சேர்ந்து கப்பலுக்கு அடியில் போயின. கங்காதரன் கட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கப்பல் தன் பாட்டுக்குப் போனது. அதன் பின்பக்கத்தில் ஒருவன் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தானாம். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மதியத்துக்கு மேல் வேறொரு மரத்துக்காரர்கள் அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். குப்பமே கூடிவிட்டது. "இன்னாடா ஆச்சு?" என்று கேட்டவர்களிடம், "மரம் பிரிஞ்சிடுச்சி" என்று மட்டும் சொன்னான். பொன்னி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அவரு எங்க, அண்ணா? பாத்தியா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. எப்போதோ ஒரு காலத்தில், கடலில் போனவன் ஒருவன் நெல்லூர்ப் பக்கம் கரையேறி, நடந்தே ஊர் வந்து சேர்ந்தானாம். வந்து பார்த்தால் அவனுக்குக் கருமாதி முடிந்து, பெண்டாட்டி தாலியை அறுத்துவிட்டிருந்தாள். அதிலிருந்து குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. உடல் கிடைக்காவிட்டால், கூடப் போனவன் "கண்ணால பாத்தேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வைக்கோல் பொம்மை செய்து கொள்ளி வைப்பார்கள். சொல்லாதவரை அவன் உயிரோடு இருப்பதாகத்தான் கணக்கு. அவன் மனைவி பூவோடும் பொட்டோடும் இருந்தே ஆக வேண்டும். ஆக, கங்காதரன் ஒரு வார்த்தை சொன்னால் அவன் தங்கை தாலி இறங்கும். சொல்லாவிட்டால் அவள் காத்துக்கொண்டே இருப்பாள். மூன்றாவது வழி கிடையாது.

அவன் சொல்லவில்லை.

நாட்டார் முத்துசாமி, அதாவது குப்பத்துத் தலைவர், இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய் நின்றான், தலையைக் குனிந்துகொண்டான், வந்துவிட்டான். கடலுக்கும் போகவில்லை. காலையில் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவான். அவன் மனைவி ஜெகதாம்பாள் சாப்பிடக் கூப்பிடுகிறவரை இருப்பான். அழுதான் என்றால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழவில்லை, குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. டீயில் ஆடை படிந்து, ஈ விழுந்து கிடக்கும். ஈயை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பான். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கிளாஸை அப்படியே உள்ளங்கையால் பற்றினான். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "தெரியல அண்ணாத்த" என்றான். அன்றைக்குக் கடலில் கட்டையைப் பற்றியபோது, அறுந்த கயிறு கிழித்த கை அது. காயம் ஆறியும் உணர்ச்சி திரும்பவில்லை. அவனே மொத்தமாக அப்படித்தான் ஆகியிருந்தான் என்று எனக்குத் தோன்றியது.

பொன்னி பாடுதான் சொல்லி மாளாது. மரமும் இல்லை, ஆளும் இல்லை. மற்றவர்கள் பிடித்த மீனை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு விற்கப் போனாள். போகும்போது நெற்றி நிறையப் பொட்டு, தலையில் கனகாம்பரம். வைத்தாலும் பேச்சு, வைக்காவிட்டாலும் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். சுமங்கலிகள் எல்லாம் குடம் எடுத்தார்கள். பொன்னியும் குளித்துவிட்டுக் குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் நாலடி முன்னே நகர்ந்தாள். பின்னால் நின்றவள் நாலடி பின்னே நகர்ந்தாள். நடுவில் அவள் தனியாக நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குடத்துத் தண்ணீரை மணலில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். தினமும் குழம்பு வைத்து மாயவன் பங்கைத் தனியே மூடி வைக்கிறாள் என்றும், மறுநாள் காலையில் அதைக் காக்கைக்குப் போடுகிறாள் என்றும் பிரபாவதி வந்து சொன்னாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் கொஞ்சம் முன்கோபி. அன்றைக்குக் கங்காதரன் முன்னால் டீயைத் தட்டென்று வைத்தேன்.

"இன்னாப்பா நீ? பாத்தேன்னு சொல்லு, இல்ல பாக்கலன்னு சொல்லு. அந்தப் பொண்ணு அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நிக்குது. உன் தங்கச்சி தானே?"

அவன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். "டீ தண்ணியா கீது" என்றான்.

அறையலாம் போல இருந்தது. அறைந்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஆவணியில் ஒருநாள், கரையேறிய இரண்டு பேர் கடைக்கு வந்து ஒரே சிரிப்பும் கும்மாளமுமாகக் கதை சொன்னார்கள். அன்றைக்கு ஒரு கப்பல் அவர்கள் வலைக்குக் கிட்டத்தில் வந்ததாம். துடுப்பில் துணி கட்டிக் காட்டினார்களாம். கப்பல் ஊதிவிட்டு, ஒரு கூப்பிடு தூரத்தில் ஒதுங்கிப் போனதாம். "அவ்ளோ பெரிய கப்பலு, நம்ம கொரலுக்கு மருவாதி குடுத்துட்டுப் போறான் பாரு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கங்காதரன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கு டீயைக் குடிக்காமலே எழுந்து போனான். எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியவில்லை, ஒரு டீ வீணானதாகத்தான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் மீன்துறையிலிருந்து சதாசிவம் என்கிற அதிகாரி வந்தார். கடற்கரையோரக் குப்பங்களுக்கெல்லாம் போய், கப்பல் போகிற வழியில் சின்ன மரங்கள் எப்படித் தப்பித்துக்கொள்வது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். என் கடைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் கூட்டம். நாட்டார் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். கங்காதரன் கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தான்.

அதிகாரி ஒரு குச்சியால் மணலில் கப்பலை வரைந்தார். "கப்பல் மேல நிக்கிறவருக்கு அதோட மூக்குக்குக் கீழ இருக்கிற தண்ணி தெரியாதுங்க. உங்க மரம் தண்ணி மட்டத்துல கெடக்கு. பாயும் சாயம் போட்ட பாய். அதையும் இறக்கி வச்சிருப்பீங்க. அவரு கண்ணுல எப்படிப் படும்? பட்டாலும் கப்பல் நெனச்ச எடத்துல நிக்காது, ஒரு மைலுக்கு மேல ஓடித்தான் நிக்கும். காத்து இல்லாத நேரத்துல உங்களாலயும் ஒதுங்க முடியாது. அதனால தூரத்துல வரும்போதே வலைய விட்டுட்டு நகந்துடணும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. நாட்டார் பொறுமையாகச் சொன்னார். "சார், நீங்க படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா வலை கெடக்கும்போது மேல வந்து ஏறுறதுன்னு ஒண்ணு இந்தக் கடல்ல கெடையாது. துணி காட்டுவோம். அவன் கொரலு குடுப்பான். சுத்திகினு போயிடுவான்."

"அது குரல் இல்லீங்க. மூட்டமா இருந்தா ஊதுவாங்க. உங்களப் பாத்துதான் ஊதுறாங்கன்னு அர்த்தம் இல்ல."

"போன வாரம்கூட ஒதுங்கிப் போனானே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மறுபடி சிரிப்பு. அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கலைகிற மாதிரி அசைந்தது.

அந்த நேரத்தில்தான் பொன்னி செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன கூட்டம் என்று பார்க்க என் கடை ஓரமாக நின்றாள். கங்காதரன் அவளைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன், பார்த்தான். பிறகுதான் தூணை விட்டு நிமிர்ந்தான்.

"சுத்திகினு போவ மாட்டான்" என்றான்.

ஆறு மாதமாகக் குப்பம் கேட்காத குரல். எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னாடா சொல்ற?" என்றார் நாட்டார்.

"எங்க மரம் தானா பிரியல. கப்பலு ஏறிச்சி. மச்சான் வலைய அறுத்துடலாம்ன்னான். நான்தான் வேணாம்ன்னேன். துணி கட்டிக் காட்டினான். கப்பலு ஊதிச்சி. கொரலு குடுத்துட்டான்னு நான் சிரிச்சேன்." அவன் ரேஷன் கடையில் சாமான் சொல்கிறவன் மாதிரி சொன்னான். "மேலயே வந்துது. மச்சான் வலையோட அதுக்குக் கீழ போனான். துடுப்பு புடிச்ச கை கடைசியா போச்சி. நான் கண்ணால பாத்தேன்."

கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். நாட்டார் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரிக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

பொன்னி கூடையை இறக்கி வைத்தாள். "அன்னிக்கே பாத்தியா?"

"ஆமா."

"வலைய ஏன் அறுக்க வேணாம்ன்ன?"

"நீ பின்னின வலை."

அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தானே எடுத்துக் கூடைக்குள் போட்டாள். "இருடி, அதுக்குன்னு முறை கீது" என்று ஒரு கிழவி ஓடி வந்தாள். பொன்னி அவள் கையை விலக்கிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடைக்குள் போய் அழுதேன். திரும்பி வந்து பார்த்தபோது கங்காதரன் தூணில் சாய்ந்தபடியே இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் இல்லை.

வைக்கோல் பொம்மைக்கு மாயவன் சட்டையைப் போட்டார்கள். அவன் பங்காளி ஒருவன் கொள்ளி வைத்தான். செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். பொன்னி அழ வேண்டிய இடத்தில் அழுதாள் என்று பிரபாவதி சொன்னாள், அதற்கு மேல் இல்லை என்றும் சொன்னாள்.

சதாசிவம் மறுபடி வந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பாயில் மேல்பாதியைச் சாயம் தோய்க்காமல் வெள்ளையாகவே விட்டார்கள். வலை போட்டிருந்தாலும் பாயை ஏற்றியே வைத்தார்கள். கப்பல் புகை தெரிந்தால் துடுப்பை எடுத்தார்கள். துணி கட்டி நீட்டுகிற வழக்கம் தங்களுக்குள் மட்டும் என்று ஆனது. குப்பத்தில் ஒன்றை மாற்றுவது லேசில்லை. கப்பல் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் சொன்னதால் மாறினார்கள்.

கங்காதரன் இனி கடலுக்குப் போக மாட்டான் என்றுதான் நினைத்தோம். ஐப்பசிக்கு முன்னால் புது மரம் கட்டினான், ஜெகதாம்பாளின் தம்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டான். முதல் நாள் மரம் தள்ளுகிறபோது வெளிச்சம் வந்துவிட்டது. நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் தண்ணீரைத் தொடுகிற நேரம், மேட்டிலிருந்து பொன்னி இறங்கி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கடலுக்குக் கிளம்புகிற மரத்துக்கு எதிரில் தாலி அறுத்தவள் வரக்கூடாது. வந்தால் அன்றைக்குத் தொழில் இல்லை, மரத்தை மேட்டில் ஏற்றிவிடுவார்கள். "இன்னாம்மா இது, பேஜாரு" என்று பக்கத்து மரத்துக்காரன் முனகினான். மச்சினன் தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கங்காதரனைப் பார்த்தான். கங்காதரன் அவள் வந்து சேர்கிறவரை அலையில் நின்றான்.

அவள் கையில் மீன் நறுக்குகிற கத்தி இருந்தது. புதுசாகச் சாணை பிடித்திருந்தாள். அதை அவனிடம் நீட்டினாள்.

"கப்பலப் பாத்தா மொதல்ல அறு. வலை போனா நான் பின்னிக்கிறேன்."

கங்காதரன் கத்தியை வாங்கி மரத்தின் கயிற்றில் கட்டப் பார்த்தான். செத்துப்போன அந்தக் கைக்கு முடிச்சு பிடிபடவில்லை. பொன்னி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதை அவிழ்த்துவிட்டு, மறுபடி தானே இறுக்கிக் கட்டினாள்.